இருபத்து மூன்று தட்டுகள்

படமெல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் அம்மா. முதலில் உட்காருங்கள். சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று செயலாளர் உங்களை அனுப்பியிருக்கிறார், இல்லையா? தலைப்பைக்கூட அவரே போட்டுக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. 'காத்திருப்பு ஒழிப்புப் போராட்ட வீரர் தோழர் தவசிக்கனி.' வீரர்! அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். பேனா இருக்கிறதல்லவா? என் கண் முன்னால் அடியுங்கள்.

ம். சரி.

நான் தற்பெருமை பேசுகிறவன் இல்லை. மூன்று தடவை சிறைக்குப் போனவன், மொத்தம் நாற்பத்தோரு நாள். மலரில் முப்பது என்று போட்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் துண்டறிக்கை, நாலணா வெளியீடு, சங்கப் பத்திரிகை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன், ஊரில் போய்க் கேளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்க வந்தது அந்தக் காத்திருப்புக் கதையை. அதைச் சொன்னால் முழுசாகத்தான் சொல்வேன். நீங்களும் முழுசாக எழுத வேண்டும். நான் ஒரு பெண்ணைக் கருங்காலி என்று சொன்னவன். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் வயதுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியுமோ என்னவோ. வேலைநிறுத்தத்தை முதலாளிக்காக உடைக்கிறவன் கருங்காலி. திருடன் என்று சொன்னால்கூட எங்கள் ஆள் சிரித்துவிட்டுப் போவான். இதைச் சொன்னால் வெட்டுக்குத்து வரும். அந்த வார்த்தையை நான் பிரமசக்தியைப் பார்த்துச் சொன்னேன். கீழத்தெருவில் பீடி சுற்றுகிறவள், பீடி இலை ஏற்றி வந்த லாரி முன்னால் படுத்தவள் அவள். அடையாள அட்டைப் போராட்டத்தின்போது, ஆண்கள் எல்லாம் ஓரமாக நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு லாரி டயருக்கு முன்னால் போய்ப் படுத்தவள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய கதை. பீடிக்கடை அப்போது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் விஷயம் விளங்கும். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கிக் கடையில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கடைக்காரர் கொண்டல்சாமி ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஒவ்வொரு கட்டாக உருட்டிப் பார்த்து, பாதியைக் கழித்து, மீதியை எடுத்துக்கொண்டு, அடுத்த தடவைக்கு இலையும் புகையிலைத் தூளும் கொடுப்பார். மெதுவாகத்தான் செய்வார். வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார். பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்கு முன்னால் வீடு திரும்ப முடியாது. இருநூறு பெண்கள். கடைக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் தட்டுகளை வரிசையாகத் தரையில் வைக்க வேண்டும். ஆள் இருக்க வேண்டியதில்லை, தட்டு இருந்தால் இடம் இருக்கும். அதுதான் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனேன். கீழத்தெருப் பெண்களின் தட்டுகள் இருபத்து மூன்று, துணி போட்டு மூடி, வரிசையாக இருந்தன. பக்கத்தில் மைதீன்பாத்து ஒருத்திதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி. "மத்தவங்க எங்க?" என்று கேட்டேன். "அங்கன இங்கன நிப்பாங்க அண்ணாச்சி. நிழல் வேண்டாமா?" என்றாள்.

அம்மா, அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒன்று பற்றிக்கொண்டது. தட்டுக்கு நிழல் இருக்கிறது, தாய்மார்களுக்கு இல்லை! அப்படியே ஒரு தலைப்பாக வந்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் நோட்டீஸாக எழுதிவிட்டேன். 'தட்டுகளுக்கு நிழல்! தாய்மார்களுக்கு வெயிலா?' நல்ல தலைப்பு. இப்போது சொன்னாலும் நல்ல தலைப்புதான். தெருவுக்கு ஒரு நேரம் ஒதுக்கு, சீட்டுக் கொடு, கால் மணி நேரத்தில் ஆளை அனுப்பு. இதுதான் கோரிக்கை. கோரிக்கையில் தப்பு ஒன்றும் கிடையாது. மேலத்தெருவில் கைப்பிள்ளைக்காரிகள் இருந்தார்கள். அவர்களுக்கு அது தேவை. இதை நீங்கள் எழுத வேண்டும். கோரிக்கை சரி.

மூன்று நாள் கழித்துப் பிரமசக்தி இங்கே என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தக் காத்திருக்கிற கோரிக்கைய இப்பம் விட்டுருங்க."

"ஏன்?"

"விட்டுருங்க. வேற எவ்வளவோ கெடக்கு. இலை ஓட்டை ஓட்டையா வருது, அதக் கேளுங்க. அநியாயமாக் கழிக்கான், அதக் கேளுங்க. நாங்க நிக்கோம். எங்களுக்குக் கால் வலிக்கல."

"யார் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாங்களாத்தான் சொல்லுதோம்."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கொண்டல்சாமி உனக்கு என்ன தாறேன்னான்?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்குறது சரியில்ல அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏன் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை. ஆனால் நாற்பது வருட இயக்க அனுபவம் எனக்கு. ஆள் விலை போனால் முதலில் இப்படித்தான் வந்து பேசும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் புதன்கிழமை. பத்து மணி. எல்லாரும் தட்டு வைக்க வந்திருந்தார்கள். நான் கொட்டகைக்கு முன்னால் நின்று பேசினேன். பேச்சின் நடுவில் கையை நீட்டினேன். "நம்ம வரிசைக்குள்ளேயே ஒரு கருங்காலி இருக்கா. பேரைச் சொல்ல வேண்டாம். நான் காட்டுற திசையில பாருங்க."

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். துணி விலகியிருந்தது. அதை இழுத்து மூடினாள். இருநூறு பேர் அம்மா. ஒருத்தி வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு மூன்று நாள் உண்ணாவிரதம். இங்கேதான் ஒரு அதிசயம். பெண்கள் யாரும் வந்து உட்காரவில்லை. ஆண்கள் வந்தார்கள்! பெண்களுடைய கோரிக்கைக்கு ஆண்கள் வந்து உட்கார்ந்தது இந்த ஊர் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. கூலி உயர்வுக்கு வராதவன், அடையாள அட்டைக்கு வராதவன், இதற்கு வந்தான். பிரமசக்தியின் புருஷன் சுடலைமுத்து, லோடுமேன், அவனே எனக்கு மாலை போட்டான். "பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வாரா அண்ணாச்சி, சோறு பொங்க ரெண்டாகுது. நல்ல போராட்டம் அண்ணாச்சி" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உணர்வு வந்துவிட்டது, ஆண்களுக்கு உணர்வு வந்துவிட்டது என்று பேசினேன். மேடையிலேயே பேசினேன்.

சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள். பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. திங்கள் முதல் சீட்டு முறை. அன்று சாயங்காலமே நோட்டீஸ் அடித்தேன். மஞ்சள் தாள், ஆயிரம் பிரதி. 'வெற்றி! வெற்றி!' அதற்குக் கீழே தெருவாரியாக நேரம். கீழத்தெரு, காலை பத்து மணி. பத்தேகால் மணிக்குள் வீடு திரும்பலாம். நடுத்தெரு, பத்தேகால். பத்தரைக்குள் வீடு திரும்பலாம். இப்படி. 'வீடு திரும்பலாம்' என்பதைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். ஆண்கள் வாங்கினார்கள். காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒட்டுவதற்குப் பசைகூட நான்தான் கொண்டு போனேன்.

பத்தரை மணிக்குக் கடைப் பக்கம் போனேன். பழைய வரிசைக்கு அன்றுதான் கடைசி நாள். உண்மையைச் சொல்கிறேன், நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். இருபத்து மூன்று தட்டுகள். மைதீன்பாத்து மட்டும் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன பாத்து, இனிமே இப்படி உக்காந்து கெடக்க வேண்டாம்."

"ஆமா. உக்காரது எனக்குப் பெரிய கஷ்டம். வீட்டுல என்னை மெத்தையில உக்கார வைக்கப் போறாங்க."

"மத்தவங்க எங்க?"

அவள் திரும்பினாள். "எங்கன்னு கேக்கீங்களா? இப்பம் கேக்கீங்க. போய்ப் பாருங்க. குளத்துக்குள்ள. இன்னைக்குத்தான் கடைசி. நல்லாப் பாத்துட்டு வாங்க."

கடைக்குப் பின்னால் ஓடை. ஓடையைத் தாண்டினால் நெடுங்குளத்துக் கரை. சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் குளம் காய்ந்துதான் கிடக்கும். கரை இரண்டாள் உயரம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. நான் கரையேறினேன்.

நான்கு சைக்கிள். வாடகை சைக்கிள் கடைக்காரனின் பெண்டாட்டி, 'பழுது பார்த்ததை ஓட்டிப் பார்த்துவிட்டு வாரேன்' என்று சொல்லி உருட்டிக்கொண்டு வருவாளாம். இருபத்திரண்டு பெண்கள். கள்ளன் போலீஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில்! இரண்டு சைக்கிள் கள்ளன், இரண்டு சைக்கிள் போலீஸ். ஓட்டத் தெரியாதவள் கேரியரில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். விழுந்து எழுந்து, முட்டியெல்லாம் புழுதி. ஐம்பது வயதுக்காரி மந்திரம், எங்கள் கூட்டத்தில் எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள். தலையாட்டுவாள், அவ்வளவுதான். ஒரு தடவையாவது மைக்கைப் பிடி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவள் அங்கே கேரியரில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறாள். "மிதிளா! ஏட்டி, மிதிளா! சோறு திங்கலையா நீ? அந்தா போறா, அமுக்கு அவளை!"

பிடிபட்டவளைக் கொண்டு போய் ஒரு வேலமரத்தடியில் உட்கார வைத்தார்கள். தரையில் குச்சியால் கோடு போட்டிருந்தது. அது ஜெயில். ஜெயிலுக்குப் போனவளுக்குக் கடலை மிட்டாய். அம்மா, நான் நாற்பத்தோரு நாள் கம்பிக்குள் களி தின்றவன். எனக்கு எப்படி இருக்கும்?

அது மட்டும் இல்லை. ஜெயிலிலிருந்து வெளியே வர வேண்டுமானால் பேச வேண்டும். பிரமசக்தி பிடிபட்டாள். எழுந்து நின்றாள். முந்தானையை வேட்டி மாதிரி ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மேலே நீட்டி, இரண்டு தடவை இருமினாள். நான் பேசுவதற்கு முன்னால் இருமுவேன். எனக்கே அதுவரை தெரியாது.

"உழைக்கும் தாய்மார்களே! க்கும்! நீங்கள் வெயிலில் வாடுகிறீர்கள்! க்கும்! உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்!"

"வேட்டி அவுந்துராம அண்ணாச்சி!" என்று ஒருத்தி கத்தினாள். அத்தனை பேரும் தரையில் உருண்டார்கள்.

உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இந்த வார்த்தைகளில் சொன்னதில்லை.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். சைக்கிள் ஒவ்வொன்றாக நின்றது. ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்த மந்திரம் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற மந்திரமாக ஆகிவிட்டாள். அதை என் கண்ணால் பார்த்தேன். நான் கரையில் ஏறி நின்றேன், அவ்வளவுதான் செய்தேன். அது போதுமாக இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. "ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன். அதட்டித்தான் கேட்டேன்.

பிரமசக்திதான் பதில் சொன்னாள். "சொன்னா என்ன செய்வீங்க? நோட்டீஸ் போடுவீங்க."

திங்கள் முதல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பத்து மணிக்குக் கீழத்தெரு. பத்தேகாலுக்கு வீடு. சுவரில் மஞ்சள் தாள், புருஷன் கையில் கடிகாரம். வேறு தெருக்காரிகள் சந்தோஷப்பட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கீழத்தெருவில்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இத்தனை நாள் இரண்டு மணி நேரம் எங்கே நின்றாய்? கூட்டம் என்றாயே, வெயில் என்றாயே, முட்டியில் ஏது காயம்? ஜெயக்கொடி என்று ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓட்டத் தெரிந்தவர்களில் நன்றாக ஓட்டுகிறவள் அவள்தானாம், கையை விட்டுவிட்டு ஓட்டுவாளாம். அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். மாமியார்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதற்கப்புறம் அந்தப் பெண்ணைக் குளத்துப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு முடிவெடுத்தேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்ய வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. செயற்குழுவில் வைக்கவில்லை. நேரே கொண்டல்சாமியிடம் போனேன்.

முப்பது வருடமாக அந்த ஆள் கடைப் படியில் நான் கால் வைத்ததில்லை. வாசலில் நின்றுதான் கோஷம் போடுவேன். அன்றைக்குப் படியேறினேன்.

"வாரும் தவசி. என்ன விஷயம்?"

"அந்தச் சீட்டு முறையை எடுத்துருங்க. பழையபடி வரிசை இருக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேய், வெயில் கியில் பட்டுட்டா? ஜெயிச்சவன் வந்து தோத்ததத் திருப்பிக் கேக்கான்! இதுக்குள்ள என்ன சூது இருக்கு?"

"சூது ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா எழுதிக் குடும்."

எழுதினேன். 'மேற்படி கோரிக்கையைச் சங்கத்தின் சார்பில் நிபந்தனையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.' என் கையெழுத்து அம்மா. நிபந்தனையின்றி. அந்த ஆள் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். சங்கம் என்னை நீக்கியது. சரியாகத்தான் நீக்கியது. தவசிக்கனி விலை போய்விட்டான் என்று ஊர் பேசியது. நான் வாய் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பெண்களுக்காகப் பழி சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அதிலும் பெருமை.

புதன்கிழமை வரிசை திரும்பியது. நான் கொட்டகை ஓரமாகப் போய் நின்றேன். சரி, இனிமேல் தட்டை வைத்துவிட்டுக் கரையேறிப் போவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தியும் போகவில்லை. வெயிலில் நின்றார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மேலத்தெருக் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

மைதீன்பாத்துதான் சொன்னாள். "இப்பம் எதுக்கு இந்த வேல பாத்தீங்க அண்ணாச்சி? அவளுக வீட்டுல சொல்லியாச்சே! இனி எதுக்கு வரிசையச் சாக்கு வச்சு ஒளிஞ்சு ஓடணும்?"

எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரத்துக்குள் பிரமசக்தி, சுவரில் இருந்த மஞ்சள் தாளைப் புருஷன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, "ஆமா, ஓட்டுதேன். ஞாயித்துக்கிழமை காலையிலயும் ஓட்டப் போறேன். வேணும்னா கரையில வந்து நின்னு பாரு" என்று சொல்லிவிட்டாளாம். அவன் எட்டு நாள் பேசவில்லையாம். அவள் எட்டு நாளும் ஓட்டுகிற பேச்சையே பேசினாளாம். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே போயிருக்கிறாள். மாமியார்களோடு உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டே பேசியிருக்கிறாள். மாமியார் ஒருத்தி, நானும் ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டாளாம். இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெளிப்படையாகக் குளத்துக்குப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வாராந்தரப் பத்திரிகை விற்கப் பக்கத்து ஊருக்குப் போய்விடுவேன். பார்க்கவில்லை.

ஆக, வேண்டாத வரிசையை ஒழித்தவனும் நான். வேண்டாத வரிசையைத் திருப்பிக் கொண்டு வந்தவனும் நான்.

சனிக்கிழமை பெண்களே போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். இருநூறு பேர். உண்ணாவிரதம் இல்லை, மைக் இல்லை. தட்டைக் கொட்டகையில் வைக்காமல், கடைக்குள்ளேயே கொண்டு போய் வைத்து, கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கொண்டல்சாமிக்கு எழுந்திருக்க வழியில்லை. என் கடிதத்தைக் காட்டினாராம். பிரமசக்தி கேட்டாளாம்: "இத எழுதின ஆளு ஒரு பீடி சுத்தியிருக்காரா?" மத்தியானத்துக்குள் சீட்டு முறை திரும்பிவிட்டது. மலருக்கான தலைப்பில் இதை என் பெயரில்தான் போட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா? நீக்கிய பத்தாவது ஆண்டில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது வரலாற்றையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேரே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் கடிதத்தைச் சட்டத்தோடு கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

"ஒரு வார்த்தை எங்ககிட்டக் கேட்டீங்களா அண்ணாச்சி? கொண்டு வரும்போதும் கேக்கல. திருப்பிக் குடுக்கும்போதும் கேக்கல."

"உங்களுக்காகத்தான் நான்…"

"இருங்க. அதுக்கு நான் வரல. கடை முன்னாடி என்னைக் கருங்காலின்னு சொன்னீங்கள்லா? இருநூறு பேர் இருந்தாங்க. அதே இடத்துல, அதே ஆளுக முன்னாடி, 'நான் தப்பாச் சொல்லிட்டேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். நோட்டீஸ் வேண்டாம். பேச்சு வேண்டாம்."

"சொல்லுதேன்" என்றேன்.

போனேன் அம்மா. திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனேன். சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். எல்லாத் தெருக்காரிகளும் வந்திருந்தார்கள். அவள்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும். தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். நான் இருமினேன். இருமியதும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் தடுமாறிப்போயிற்று.

"உழைக்கும் தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டேன்.

இருபது நிமிஷம் பேசினேன். இயக்கத்தின் வரலாற்றில் தவறுகள் நேர்வது இயற்கை என்றேன். தவறுகளிலிருந்து வர்க்கம் பாடம் கற்கிறது என்றேன். சுயவிமர்சனம் என்பது நம் கையில் இருக்கும் ஆயுதம் என்றேன். எந்தத் தவறு, யார் செய்தது, யாருக்குச் செய்தது, அது மட்டும் வரவில்லை. அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம், அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று பேசிக்கொண்டே போனேன். 'நான்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் ஆரம்பிக்க என் வாய்க்கு வரவில்லை. நாற்பது வருடமாக 'நாம்' என்றே பேசிய வாய்.

பேச்சு முடிவதற்கு முன்னாலேயே அவள் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். மற்றவர்களும் போய்விட்டார்கள். கடைசி ஐந்து நிமிஷம் நான் மைதீன்பாத்துவிடம் பேசினேன். அவள் முழங்கால் வலியால் எழுந்திருக்கத் தாமதமானதால் இருந்தாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி" என்று கேட்பாள். அது இன்னும் மோசம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்பது தொண்ணூறு பேர் ஓட்டுகிறார்கள். பேத்தி ஓட்ட, பாட்டி பின்னால் உட்கார்ந்து போகிறாள். அடுத்த ஊர்களிலிருந்துகூட வருகிறார்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் இந்தத் தெரு வழியாகத்தான் மெயின்ரோட்டுக்குப் போவார்கள். பாட்டும் கூத்தும். வரிசையாகப் போவதில்லை, ஒழுங்கு கிடையாது. தெருவை அடைத்துக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரிப் போவார்கள். அந்த நேரத்தில் எனக்குக் கொல்லைப்புறத்தில் வேலை இருக்கும்.

இதையெல்லாம் எழுதிவிடுங்கள். மலரில் வரட்டும். இரண்டாயிரம் பிரதி அடிக்கிறார்களாமே. இருநூறு பேர் முன்னால் சொன்னதை இரண்டாயிரம் பேர் முன்னால் திரும்பப் பெற்றுக்கொண்டதாக இருக்கும். கணக்கு சரிதானே? நான்தான் பேச்சில் சொல்லவில்லை, அச்சில் சொல்லிவிட்டேன் என்று ஆகிவிடும்.

என்ன? ஏன் இல்லையென்று தலையாட்டுகிறீர்கள்? அச்சில் வந்தால் போதாதா?

அடுத்து அங்கேதான் போகிறீர்களா? பிரமசக்தி வீட்டுக்கா? அவளுக்கும் மலரில் பக்கம் உண்டா? நல்லது. நல்லது, கொடுக்க வேண்டியதுதான். எத்தனை பக்கம்? இரண்டா? இரண்டு! எனக்கு ஒன்று என்றுதானே சொன்னீர்கள்? இல்லை, சும்மா கேட்டேன். அவளுக்கு இரண்டு சரிதான்.

நானா? உங்களோடு வரவா? இப்போதா?

எல்லாரும் இருக்கிறார்களா? மந்திரம்கூடவா? அவளுக்கு எழுபத்திரண்டு இருக்குமே. பாத்துவுமா? படத்துக்காக எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறீர்களா?

வருகிறேன். வர வேண்டியதுதான். ஒரு வாக்கியம்தானே. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். பாருங்கள், வந்துவிட்டது. உங்களிடம் சொல்லும்போது வருகிறது. நீங்கள் முன்னால் போங்கள் அம்மா, நான் பின்னாலேயே வருகிறேன். செருப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

ஆமாம், அங்கேதான் கிடக்கிறது. தெரிகிறது.

நீங்கள் முன்னால் போங்கள்.